ஐந்து இஸ்பேடு

“இன்னாடி, நாக்க கடல்ல வுட்டுட்டு வந்தியா?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கேட்ட கேள்வி. வகுப்பே சிரித்தது. வினிதா அந்த வாரத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். மீன்காரி மகளுக்கு வாய் வேண்டாமா என்று வீட்டிலும் கேட்டார்கள்.

காலடிப்பேட்டை மன்றத்தில் ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டம் அவளுக்குப் பிடித்துப்போனதே வாய் வேண்டாத ஆட்டம் என்பதால்தான். எத்தனை சுற்றை ஜெயித்துப் பிடி எடுப்போம், எது துருப்பு என்கிற ஏலத்தைக்கூடப் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைத்தே கேட்கலாம். ஏலத்தை எடுத்தவர் ஆட, அவருடைய கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு, அவர் பேர் சொல்லும் சீட்டை எடுத்துப் போட்டால் போதும். பெரியப்பா மகன் டில்லிபாபு கூட்டாளி இல்லாமல் அலைந்த நாளில் அவளைக் கூட்டி வந்தான். எந்தச் சீட்டு வந்தாலும் ஏலம் அவனுக்கு, விரிப்பது அவள்.

இன்று இறுதிப் போட்டி. வாசலிலேயே சொல்லிவிட்டான்: “எம்மேல ஏத்திக் கேக்காத. கேட்டன்னு வையி, நாளிக்கே வேற ஆளு. நீ போய் மீன் கூடையாண்ட குந்திக்கோ.”

கடைசி ஆட்டத்தில் அவள் கைக்கு ஏழு இஸ்பேடு வந்தது. ஆஸ், ராணி, ஜாக்கி, பத்து என்று வரிசையாக. ராஜா மட்டும் இல்லை. முதலில் கேட்க வேண்டியவர் இடப்பக்கம் இருந்த ஆறுமுகநயினார், சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி. பெரிய சீட்டுகளின் புள்ளி பன்னிரண்டு கையில் இருந்தால் சும்மா இருக்கமாட்டார். எதுவும் கேட்காமல் ‘பாஸ்’ அட்டையை வைத்தார்.

டில்லி ஏலத்தை ஏற்றிக்கொண்டே போய், துருப்பே வேண்டாம், மூன்று என்று வைத்தான். வினிதா நாலு இஸ்பேடு வைத்தாள். அவன் கண் சிவந்தது. துருப்பில்லாமல் நாலு என்று ஏற்றினான். அவள் ஐந்து இஸ்பேடை எடுத்து வைத்தாள்.

“அண்ணன் தங்கச்சிக்குள்ளயே ஏலமால?” என்று சிரித்த நயினார், தோற்றால் இரட்டை அடி என்று ‘டபுள்’ அட்டையைப் போட்டுவிட்டு டைமன் ஆஸை இறக்கினார். டில்லி சீட்டுகளை விரித்தான். அதில் ஒரே ஒரு டைமன். எல்லோருக்கும் தெரிகிறது. ஆனாலும் அவள் சொன்னால்தான் நகரும். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

“சீட்டு தானா நடந்து வருமா தாயி? வாயத் தொறந்து சொல்லு” என்றார் நயினார்.

“டைமன்...”

டில்லி காதருகே கையைக் குவித்தான். வெளியே டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“டைமன்! போடு!”

ஹாரனை மீறிக் கேட்டது. அன்பரசன், நயினாரின் கூட்டாளி, நிமிர்ந்து பார்த்தான்.

அடுத்து நயினாரின் ஆர்ட்டின் ஆஸ். இரண்டு பிடி போயிற்று. ஐந்து என்றால் பதின்மூன்றில் பதினொரு பிடி; மூன்றாவது போனால் தோல்வி. அவர் டைமன் ராஜாவை இறக்க, “இஸ்பேடு ரெண்டு. வெட்டு” என்றாள்.

இனி இஸ்பேடு ராஜா யாரிடம் என்பதுதான். டபுள் போட்டவரிடம் என்று யாரும் நினைப்பார்கள். அவள் எண்ணினாள். ஆஸுக்கு நாலு புள்ளி, ராஜாவுக்கு மூன்று. நயினார் காட்டியதே பதினொன்று. இன்னொரு ராஜாவும் இருந்தால் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும்; முதலில் வாயை மூடிக்கொண்டிருப்பாரா? வாய் மூடியிருப்பவர்களைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இஸ்பேடு ஏழு” என்று டில்லி விரித்ததிலிருந்தே கேட்டாள்.

அன்பரசன் சின்னதைப் போட்டான். அவள் ஆஸைத் தொடாமல் ராணியை வைத்தாள். நயினார் வெகுநேரம் தடவிவிட்டுச் சின்னதையே போட்டார். பிறகு அவள் ஆஸை இறக்கினாள். “இஸ்பேடு எட்டு, டில்லிண்ணா.” அவன் போட்டான். அன்பரசனின் ராஜா ஆஸின் காலடியில் விழுந்தது.

“ஏ யப்பா!” என்றார் நயினார். இனி அவளுக்குப் போக ஒரு பிடியும் மிச்சமில்லை.

வினிதா கையிலிருந்து ஒரு கிளாவரைப் போட்டாள். “கிளாவர் ஆஸ்.”

டில்லியின் கை நகரவில்லை.

“கிளாவர் ஆஸ்” என்றாள் மறுபடி, இன்னும் சத்தமாக.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். விரித்த சீட்டு விரித்தபடி கிடக்க, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, லாரிப் புழுதிக்குள் இறங்கிப் போனான்.