மேற்குச் சுவரும் எங்கள் மழைமானியும்

எங்கள் குடும்பத்தின் மழைப் பதிவேட்டில் அறுபத்தொரு வருடமாக ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. தொடங்கியவர் என் அப்பா. வீட்டின் பின்புறம் சிமெண்ட் மேடை கட்டி, பித்தளை வாய் வைத்த மழைமானியைத் தம் கையாலேயே அதில் பதித்தார். தினமும் காலை எட்டரை மணிக்குப் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து எழுத வேண்டும். என் கல்யாணத்தன்றும் எழுதினோம். அப்பா கண்மூடிய அன்றும் நான் எழுதினேன்: 4.2 மில்லிமீட்டர்.

பதிவேட்டில் நான்கு பத்திகள். தேதி, அளவு, கையெழுத்து, குறிப்பு. குறிப்புப் பத்தி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. குறிப்பு எழுதும்படி எங்கள் வீட்டில் எந்தத் தப்பும் நடந்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

அன்று மதியம் வானிலை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. எங்கள் அளவுகள் சரியென்று அவர் ஒப்புக்கொண்டால், பதிவேடு அவர்களுடைய ஆவணத்தில் எங்கள் குடும்பப் பெயரோடு சேரும். ஏற்பாடு என் மருமகளுடையது. தெருக்கோடிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுப்பவள். தன் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரையும் கூட்டிவந்து வீட்டையே சந்தையாக்கியிருந்தாள்.

பிள்ளைகள் எங்கள் பதிவேட்டைப் பார்த்து ஒரு நீளமான வரைபடம் போட்டிருந்தார்கள். முதல் நாற்பத்தொன்பது வருடம் கோடு ஏறி இறங்கி ஒரே மட்டத்தில் ஓடியது. கடைசிப் பன்னிரண்டு வருடம் தொபுக்கென்று கீழே விழுந்திருந்தது. "நம்ம ஊர்ல மழை குறைஞ்சுபோச்சு, அதுக்கு எங்க குடும்பமே சாட்சி" என்று போன மாதம்தான் பள்ளி விழா மேடையில் நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருந்தேன்.

அதிகாரி ஒரு மணிக்கே வந்தார். தாம் கொண்டுவந்த மழைமானியைப் பள்ளி மைதானத்தின் நடுவில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மழை இருக்கு ஐயா. பெய்ஞ்சதும் ரெண்டையும் பார்ப்போம். ஒத்துப்போனா பதிவேட்டை இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. வாசலுக்கும் பின்புறத்துக்குமாக நடந்தேன்.

"மாமா, கொஞ்சம் உட்காருங்களேன்" என்றாள் மருமகள்.

"நான் உட்கார்ந்தா மழை வந்துடுமா?"

என் தம்பி சும்மா இருப்பானா? "பசங்களா, எங்க அண்ணன் வானத்துக்கே வருகைப் பதிவு எடுக்கிறவர். மேகம் லேட்டா வந்தா வாசல்லயே நிக்க வெச்சுடுவார்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், எல்லோரும் 'கேள்விக்குறி' என்று கூப்பிடுகிற ஒல்லிப்பிச்சான், மட்டும் சிரிக்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அவ்வளவு தண்ணி மேல இருக்கே, மேகம் ஏன் அப்படியே கீழ விழல?"

"காலையிலிருந்து வெயில் தரையைச் சுட்டுச்சு இல்லியா? சூடான காத்து லேசாகி மேல போகும். கூடவே நீராவியும் போகும். மேல குளிரு. நீராவி குட்டிக் குட்டித் துளியா மாறும், அதுதான் மேகம். அந்தத் துளிகளுக்கு எடையே இல்லாத மாதிரி. மேல ஏறுற காத்தே தாங்கிப் பிடிச்சுக்கும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசானா..."

அவள் முடிப்பதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஜில்லென்று ஒரு காற்று. ஜன்னல் கதவுகள் படார் படாரென்று அடித்தன. வரைபடம் கூடத்தில் பறந்தது, நாலு பேர் அதைத் துரத்தினார்கள்.

"தாங்க முடியாம கீழ விழுந்துடும்!" என்று வகுப்பே கத்தியது. விழுந்தது! மேற்கிலிருந்து சாய்ந்து சாய்ந்து, சரம் சரமாகக் கொட்டியது. இருபத்தாறு பேரும் குதித்தார்கள். எழுபத்து மூன்று வயதில் நானும் குதிகாலை உயர்த்தி நின்றேன் என்பதை மறைப்பானேன்?

அரை மணியில் மழை நின்றது. அதிகாரி பாதிப் பிள்ளைகளோடு மைதானத்துக்கு விரைந்தார். நான் புனலைத் தூக்கி, குழாயில் ஊற்றி, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். பத்தொன்பது.

தெருவில் தடதடவென்று காலடிகள். "இருபத்தஞ்சு புள்ளி நாலு!"

பிள்ளைகள் நேரான பாட்டில்களை வெட்டிச் செய்து மைதானத்தில் வைத்திருந்த மழைமானிகளும் இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தாறு என்றே காட்டினவாம்.

என் காது சூடாகியது. "வர்ற வழியில எவனாவது தண்ணி ஊத்திட்டானா?"

"மாமா!" என்றாள் மருமகள்.

"இல்லேன்னா அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி பெய்ஞ்சிருக்கும். இருநூறு அடி தள்ளியில்ல இருக்கு?"

"பெய்யலாம் ஐயா" என்றார் அதிகாரி மரியாதையாக. ஆனால் பதிவேட்டின் பக்கம் அவர் கை போகவில்லை.

அப்போது பின்புறத்திலிருந்து கேள்விக்குறியின் குரல் வந்தது. "மிஸ், இங்க வாங்க! தரை காய்ஞ்சிருக்கு!"

எல்லோரும் ஓடினோம். மழைமானிக்கு மேற்கே, மூன்று எட்டில், தம்பியின் மாடி அறைக்காக நான் எழுப்பிய சுவர் நிற்கிறது. அதன் அடியில் பாய் விரித்த மாதிரி ஒரு பட்டை, நனையவே இல்லை. அதன் ஓரம் மழைமானியின் மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவரை எப்போ கட்டினீங்க?" என்று கேட்டாள் கேள்விக்குறி.

தம்பி முந்திக்கொண்டான். "பன்னிரண்டு வருஷம் ஆச்சும்மா."

இருபத்தாறு தலைகளும் ஒன்றாகக் கூடத்திலிருந்த வரைபடத்தின் பக்கம் திரும்பின.

"காத்தோட சாய்ஞ்சு வர்ற மழையைச் சுவர் தடுத்துடுது" என்றார் அதிகாரி. "சுவர் எவ்வளவு உயரமோ, அதைப்போல ரெண்டு மடங்காவது தள்ளி வைக்கணும். இன்னைக்குப் பெய்ஞ்சது வானிலை. முப்பது வருஷம் சேர்த்துப் பார்த்தாத்தான் காலநிலை. ஆனா அளக்கிற இடத்துல ஏதாவது மாறினா, காலநிலையே மாறின மாதிரி தோணும்."

"அப்ப நம்ம ஊர்ல மழை குறையலையா?" என்றான் ஒரு பையன்.

"குறைஞ்சிருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தை வெச்சு மட்டும் சொல்ல முடியாது."

சுவர் கட்டும்போது மேஸ்திரி சொன்னது நினைவுக்கு வந்தது. 'இதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமே ஐயா.' அப்பா வைத்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகர்த்தினால் நான் அவர் மகனே இல்லை என்று அவனை விரட்டினேன். இடத்தைக் காப்பாற்றினேன், மழையை விட்டுவிட்டேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். சுவரைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் உண்மை என்றுதானே இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தேன்?

பேனாவை எடுத்தேன். சுவர் எழுந்த நாளின் பக்கத்தைத் தேடி, குறிப்புப் பத்தியில் எழுதினேன்: 'இந்த நாளில் மேற்கே சுவர் எழுப்பப்பட்டது. மழைமானியை நகர்த்த நான் மறுத்தேன். இதன் பின் உள்ள அளவுகள் குறைவாக இருக்கக்கூடும்.' இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பதிவேட்டை அதிகாரியிடம் நீட்டினேன்.

"இது இனிமே உங்களுக்கு வேண்டியிருக்காது."

அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "ஐயா, குறிப்பே இல்லாத பதிவேடுன்னாத்தான் எங்களுக்குச் சந்தேகம். நாற்பத்தொன்பது வருஷத்தை இன்னைக்கே எடுத்துக்கறேன். மீதிக்கு ஒரு வழி இருக்கு. என் மழைமானி மைதானத்துலயே இருக்கட்டும். ஒரு வருஷம் ரெண்டையும் ஒரே நேரத்துல அளங்க. சுவர் எவ்வளவு மழையை மறைக்குதுன்னு ஓரளவு கணிச்சுடலாம்."

"அங்க யாரு அளப்பாங்க?" என்றேன்.

இருபத்தாறு கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலையில் தூறல். எட்டரைக்கு நான் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தேன். மைதானத்திலிருந்து கேள்விக்குறியின் குரல் தெருவே அதிரும்படி வந்தது. "ஐயா! மூணு புள்ளி ரெண்டு! உங்களுக்கு?"

தெருவில் நின்று கத்துவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. வாசலுக்கு ஓடி, நானும் கத்தினேன்.

"ரெண்டு புள்ளி எட்டு! கண்ணைத் தாழ்த்திப் பார்த்தியா?"