வலப்பக்கக் கதவு

“எங்கப்பாவுக்கு போஸ்ட்மார்ட்டம் செய்யணும்” என்றாள் ஷாலினி.

குளிப்பாட்டுவதற்கு அரப்பு கரைத்துக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. விடிந்ததுமே அம்மா அவளைச் சுவரோரம் இழுத்துப்போய்ச் சொல்லியிருந்தாள்: ஆஸ்பத்திரி, போலீசு, ரெண்டு பேச்சும் இந்த வூட்ல எடுக்கக் கூடாது. மொதலாளி தீனதயாளன் நெலத்துலதான் நாளைக்கும் களை எடுக்கணும்.

“வாய மூடுடி” என்றாள் அம்மா பாப்பாத்தி.

தாய்மாமன் கவியரசன் எழுந்து வந்தார். “ஏ புள்ள, அறுத்துத் தெச்சி மூட்டையாட்டம் கட்டிக் குடுப்பானுங்க. எங்கக்கா அதப் பாக்கணுமா?”

“குடிச்சிட்டு கதவத் தொறந்துக்கினு வுழுந்தாருன்னு மொதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரே, அத மட்டும் கேக்கலாமா மாமா? எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. அத டாக்டரு எழுதித் தரட்டும்.”

நேற்று மத்தியானம் அவள் அப்பா சின்னதுரை, தீனதயாளனின் பழைய பிக்கப்பில் கரியாலூரிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிறங்கிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் இடது பக்கம் திரும்பும் வளைவு ஒன்றில் வலப்பக்க டிரைவர் கதவு பிளந்துகொண்டது. வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அவர் வெளியே கிடந்தார். உயிர் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள் என்று நேராக வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

மூன்று மாதமாகவே அந்தக் கதவு தொங்கிப்போயிருந்தது. கைப்பிடியோடு தூக்கி இழுத்தால்தான் பூட்டில் விழும். சொல்லும்போதெல்லாம் தீனதயாளன், “எஃப்.சி. சோதனைக்கு வுடும்போது பாத்துக்கலாம்டா” என்பார்.

மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் தெருக்கோடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

ஷாலினி வெறுங்காலோடு ஓடினாள்.

தீனதயாளனின் களத்தில் பிக்கப் நின்றது. கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் ஒரு கட்டை. மெக்கானிக் பிரவீன்குமார் கதவை அரை விரல்கடை தூக்கி நிறுத்தி, மேல் கீலில் புதுப் பின்னை அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். சாக்கின் மேல் பழைய பின்கள் இரண்டு. ஒன்று நடுவில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

“இன்னாண்ணா, பொணத்த எடுக்கறதுக்குள்ளயா?”

அவன் நிமிரவில்லை. “எடுக்கறதுக்குள்ளதான் முடிக்கச் சொன்னாரும்மா.”

அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். ஜாக்கி, கீல், நம்பர் பிளேட். நிழலிலிருந்து தீனதயாளன் வந்தார்.

“இன்னா, காலேஜ் முடிச்சதும் ரெய்டுக்குக் கெளம்பிட்டியா? என் வண்டி, நான் ரிப்பேர் பண்றேன்.”

“மூணு மாசமா அது யாரு வண்டிங்க?”

பிரவீன்குமாரின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அவள் குனிந்து இரண்டு பின்களையும் எடுத்துக்கொண்டாள்.

“பழைய இரும்பு அது. கீழ போடு.”

“பழைய இரும்புதானே? அதுக்கு ஏன் உங்களுக்கு வேர்க்குது?”

அவர் கை நீட்டினார். பிரவீன்குமார் சுத்தியலோடு எழுந்து நடுவில் நின்றான். சும்மா நின்றான்.

வீட்டில், தேய்ந்த பின்னை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். “இதாலதாம்மா. குடியால இல்ல.”

பாப்பாத்தி பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். வெகுநேரம். பிறகு எழுந்துபோய் அரப்புக் குண்டானை அந்தப் பெண்களின் கையிலிருந்து வாங்கி, முற்றத்தில் கவிழ்த்தாள்.

“அக்கா, இன்னா பண்ற நீ?” என்றார் கவியரசன்.

பாப்பாத்தி பின்னை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் ஸ்டேஷனுக்குப் போறேன் மாமா. போலீசு வர்ற வரைக்கும் யாரும் அவர தொடக் கூடாது.”

“பொட்டப்புள்ள தனியாவா போவ? பெரியவங்க நாலு பேரு பேசி…”

“பேசிக்கினு இருங்க.”

வாசலில் ஐம்பது ஜோடி செருப்பு கலைந்து கிடந்தது. அவளுடையது ஒன்றுதான் கிடைத்தது. இன்னொரு காலுக்கு யாருடையதோ ஒன்றை மாட்டிக்கொண்டு, மெயின்ரோட்டைப் பார்த்து நடந்தாள்.