வலது பக்கத்து முன்காம்பு

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி ஊர் முழுக்க அவர் ‘லிட்டர்’. எதிரே வருகிறவர் “சௌக்கியமா?” என்று கேட்டால் “காலையில அஞ்சரை, சாயங்காலம் மூணரை” என்று பதில் சொல்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்களிடம் இருப்பதே ஒரே ஒரு பசு. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். மகாராணிக்கும் அதன் கன்றுக்கும் படுக்க ரப்பர் மெத்தை. எனக்குக் கிழிந்த பாய்.

பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒற்றை மாடு வைத்திருப்பவர்களில் அந்த வாரம் யார் அதிகம் பால் ஊற்றினாரோ, அவர் பெயரைச் சனிக்கிழமை அதில் பெரிதாக எழுதுவார்கள். பரிசு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வெறும் சாக்பீஸ் எழுத்து! அந்த எழுத்துக்காக எங்கள் வீட்டில் கறந்த பால் கடைசிச் சொட்டு வரை கேனுக்குப் போனது. நாங்கள் பால் ஊற்றாத டீ குடித்தோம். எங்கள் மூன்று வயது மகள் கஞ்சித் தண்ணீர் குடித்தாள். பலகையிலோ வாராவாரம் அடுத்த தெருத் தையல்காரர் பெயர்தான் இருந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை குழந்தைகளுக்கு எடை பார்க்க நர்சம்மா வருவார். அந்த மாதம் என் மகளைத் தூளியில் உட்காரவைத்துத் தராசில் மாட்டிப் பார்த்தார். பத்து கிலோ நானூறு கிராம். போன மாதமும் அதே, அதற்கு முந்தின மாதமும் அதே. எடை அட்டையில் புள்ளி மஞ்சள் பட்டையிலேயே குந்திக்கொண்டிருந்தது. பச்சைப் பட்டைக்கு ஏறவே இல்லை.

“வீட்ல மாடு இருக்குல்ல? அந்தப் பாலெல்லாம் எங்கம்மா போகுது?” என்றார் நர்சம்மா. “அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்.”

அங்கே நின்ற பத்துப் பதினைந்து பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னேன். “ஏங்க, புள்ள எடை ஏறவே இல்லையாம். தினமும் ரெண்டு டம்ளர் பால் அவளுக்கு எடுத்து வச்சுக்கறேன்.”

“எடுத்துக்கோ, யாரு வேணாம்னா? இந்த மாசம் மட்டும் பொறு. தையல்காரர் நம்மள விட ஒரே ஒரு லிட்டர்தான் முன்னால இருக்கார்.”

போன மாதமும் அவர் இதையேதான் சொன்னார். கெட்ட மனுஷன் என்றால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். இவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறவர். அவள் ஓடுகிறாள், சிரிக்கிறாள், அதனால் நன்றாக இருக்கிறாள் என்பது அவர் கணக்கு. அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம், இவருக்கு முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தேன். “என்னங்க, மகாராணிக்கு வலது பக்கத்து முன்காம்பு அடைச்சுக்கிச்சு. ஒரு சொட்டு வரல.”

எங்கள் வீட்டில் பால் கறப்பது நான். தீனி போடுவதும் கேனைச் சுமப்பதும் அவர். ஆகவே காம்பு விஷயத்தில் நான் வைத்ததுதான் சட்டம். அவர் பல் விளக்கி வருவதற்குள் அந்த ஒரு காம்பைத் தனியாக ஒரு செம்பில் கறந்து, தவிட்டு வாளிக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். பிறகு அவர் கண்ணெதிரே மற்ற மூன்றையும் கறப்பேன். ஒளித்த பாலைக் காய்ச்சிக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் மகளுக்கு. மிச்சத்தை உறைக்கு ஊற்றித் தயிர். நானும் ஒரு வாய் குடித்தேன், பொய் சொல்வானேன்.

அவர் இடிந்துபோனார். சாப்பாடு இறங்கவில்லை. எனக்கிருந்த ஒரே நல்ல துண்டை வெந்நீரில் நனைத்து அந்தக் காம்புக்கு ஒத்தடம் கொடுத்தார். “என்னடி ஆச்சு என் தங்கத்துக்கு?” என்று மகாராணியிடம் உருகினார். பதினைந்து நிமிடத்துக்கு முன்னால்தான் முக்கால் லிட்டர் கொடுத்திருந்த மகாராணி அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நாள் மகள் மேலுதட்டில் வெள்ளை மீசையோடு அவர் எதிரே போய் நின்றுவிட்டாள்.

“என்னது இது?”

“பல்பொடி,” என்றேன் நான்.

“மத்தியானத்துலயா பல்லு விளக்குறா?”

“சுத்தமா இருக்கட்டுமே! உங்களுக்கென்ன?”

அவர் நம்பிவிட்டார். அந்த அளவுக்கு மனுஷன் காம்புக் கவலையில் மூழ்கியிருந்தார்.

இருபதாம் நாள் சாயங்காலம், செம்பும் கையுமாக நான் கறக்க உட்காருவதற்கு முன்பே வாசலில் பைக் சத்தம். பின் சீட்டில் மாட்டு டாக்டர்! சொல்லாமல் கொள்ளாமல் இவர் கூட்டி வந்திருந்தார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு குனிந்தார். மடியைத் தடவினார், காம்பைப் பிடித்தார், ஒரே இழுப்பு. சர்ரென்று பால் பீறிட்டு, பக்கத்தில் குனிந்திருந்த என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கூடத் துடைக்காமல் துள்ளிக் குதித்தார்.

“டாக்டர்! தொட்டீங்க, திறந்துக்கிச்சு! இதுதான் டாக்டர் கைராசி!”

டாக்டர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். நல்ல மனுஷன்.

“கேனைக் கொண்டா! இனிமே நாலு காம்பும் சொசைட்டிக்குத்தான். இந்தச் சனிக்கிழமை பாரு, பலகைல என் பேரு!” என்று இவர் குதித்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் எடை பார்க்க இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தக் காம்பு கேனுக்குப் போனால் என் மகளுக்கு மறுபடி கஞ்சித் தண்ணீர்தான்.

“அது அடைக்கவே இல்லங்க,” என்றேன். “நான்தான் உங்ககிட்ட அடைச்சுக்கிச்சுன்னு சொன்னேன். பாலைப் புள்ளைக்குக் கொடுத்தேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “இருபது நாளா என்னை முட்டாளாக்கினியா?”

“ஆமா.”

“டாக்டர் முன்னாடி இப்படி...”

“கன்னுக்குட்டி என்ன எடைங்க?” என்றேன்.

இது எதற்கு என்று கூட அவர் யோசிக்கவில்லை. “அறுபத்தேழரை.” தெரியாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் கன்றின் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து, கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறவர் ஆயிற்றே. அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, அறுபத்தேழரை என்று அவர் தலைக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

“உங்க பொண்ணு என்ன எடை?”

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் அது இல்லை. டாக்டர் தன் பையை ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர், “புள்ளையோட எடை அட்டை எங்க?” என்று கேட்டார். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மூன்று புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் கொட்டகைக்கு வந்து, அந்தச் செம்பைத் தானே கழுவிக் காம்புக்கு அடியில் பிடித்தார். சனிக்கிழமை பலகையில் தையல்காரர் பெயர். “என்ன லிட்டர், எறங்கிட்டீங்க?” என்று கேட்டவர்களிடம், “வீட்ல பால் குடிக்க ஒரு உறுப்பினர் சேர்ந்திருக்கு” என்றாராம்.

எடை நாளன்று அவரும் கூட வந்தார். பெண்களுக்கு நடுவே ஒரே ஆம்பளை. தராசு முள் நிற்கும் வரை மூச்சுவிடவில்லை. பதினோரு கிலோ நூறு. நர்சம்மா பச்சைப் பட்டையில் புள்ளி வைத்தார்.

“இதை எழுதிப் போட இங்க பலகை எதுவும் இல்லீங்களா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“அட்டையில எழுதியாச்சுல்ல? போதும்,” என்றார் நர்சம்மா.

அவருக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய், கன்றின் எடைக்குப் பக்கத்தில் ‘பதினோரு கிலோ நூறு – முதலிடம்’ என்று பெரிதாக எழுதினார். தள்ளி நின்று அவர் ரசிப்பதற்குள் கன்றுக்குட்டி வந்து முதலிடத்தை நக்கிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் மகாராணியே திரும்பிப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கன்றின் நாக்குக்கு எட்டாத உயரத்தில் மறுபடியும் எழுதினார்.