பதினோராவது நிறம்

பிறந்து ஒன்பது நாளே ஆன குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்று சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்குப் பால் குடித்தது, தூங்கியது, துணியை நனைத்தது. காமாலை வந்தது அதன் போட்டோவுக்கு. ஸ்டுடியோவில் எடுத்த முதல் படத்தைப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக அச்சுப் போட்டு எல்லோருக்கும் கொடுக்க, வாங்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அத்தைக்காரி ஒருத்தி அழுதே விட்டாளாம்.

அந்தப் படத்துக்கு நிறம் சரி செய்தவள் கலரம்மா. இந்தப் பெயரை வைத்தது ஸ்டுடியோ அக்கா. அக்கா எடுக்கும் படங்களெல்லாம் கலரம்மாவின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து, முகத்தில் நல்ல நிறம் ஏறிய பிறகுதான் அச்சுக்குப் போகும். பன்னிரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. "அவ கண்ணு தராசு மாதிரி" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்த அக்காதான் இன்று காலையில் போனில் வேறு குரலில் பேசினாள்.

"இது மூணாவது தடவைம்மா. முதல்ல காலேஜ் பசங்க படம், அப்புறம் அந்த வயசானவங்க ஜோடி, இப்ப பச்சைக் குழந்தை. மூணும் மஞ்சக் குளிச்ச மாதிரி இருக்கு."

"அச்சு மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ அக்கா? என் திரையில நல்லாத்தான் தெரியுது."

"மிஷின் மேல பழியப் போடாத. மத்த ஸ்டுடியோ படமெல்லாம் அதே மிஷின்ல நல்லாத்தானே வருது. நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க திரும்ப வர்றாங்க. நாப்பது படத்தையும் சரி பண்ணி இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள அனுப்பு. இதுவும் இப்படியே வந்தா, எனக்கு வேற வழியில்ல, வேற ஆள்தான் பாக்கணும். மனசுல வச்சுக்காத."

மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பதாம்? கலரம்மா நேராகக் குளியலறைக் கண்ணாடிக்குப் போய்க் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவள் கதை தலைகீழ். இவளுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது, மற்றவர்களுக்குத்தான் மஞ்சளாகத் தெரிகிறது. வயது நாற்பத்தைந்து. கண் போய்விட்டதோ? வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். கண்ணை எங்கே போய்த் தேடுவது?

இதற்கிடையில் டிரைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிரைவர் என்றால் கலரம்மாவின் வீட்டுக்காரர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். மனிதர் தங்கமானவர், ஆனால் கேட்காமல் உதவி செய்கிற வியாதி மட்டும் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்பு, கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறி, லாரி மேடு ஏறுவது போல இரைந்து, பாதி வேலையில் அணைந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு விடுமுறை நாளில் மனைவியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பழைய ஃபேன்களைக் கழற்றிப் புதிதாக நான்கு ஃபேன்களை மாட்டிவைத்துவிட்டார். வெறும் ஃபேன் இல்லை, விளக்கு எரியும் ஃபேன். குளிர்விக்க வந்த ஃபேனுக்கு எதற்கு அலங்காரம் என்று நீங்கள் கேட்கலாம். கடையில் போய் விளக்கில்லாத ஃபேன் கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கூடவே ஒரு ரிமோட்டும் கொடுத்தார்கள். அதை அமுக்கி அமுக்கி, கடைசியில் அவர் நிறுத்திய நிறம் தங்கம்.

"உனக்குத் தங்கக் கலருன்னா உசிராச்சே" என்றார். அவளுக்கும் அன்றைக்குக் கண் கலங்கித்தான் போனது. சிபியு பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. அது மானிட்டருக்குப் பக்கத்திலேயே மேஜை மேல் இருக்கும். அறையே பொன்னாக ஜொலித்தது. அன்றிலிருந்து டிரைவர் வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியமாக அறைக்குள் எட்டிப் பார்த்து, "என் ஃபேன் எப்படி ஓடுது?" என்று விசாரிப்பார். அவளை விசாரிப்பது அதற்கு அப்புறம்தான்.

அக்கா போனை வைத்தபின் கலரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தாள். கொடியில் டிரைவரின் வெள்ளைச் சட்டை. இதை அவள் இரண்டு தடவை துவைத்திருந்தாள். முந்தாநாள் ராத்திரி துவைத்துக் காயவைத்து, கம்ப்யூட்டர் அறை நாற்காலியில் போட்டபோது பழுப்பாகத் தெரிந்தது என்று, கறை நீக்கும் மருந்தில் நேற்று நாள் முழுக்க ஊறப்போட்டு மறுபடி அலசியிருந்தாள். இப்போது வெயிலில் பார்த்தால் சட்டை பளீரென்று கண்ணைக் குத்தியது. சரி, இதிலாவது ஜெயித்தோம் என்று உள்ளே கொண்டுவந்து அதே நாற்காலியில் போட்டாள்.

சட்டை மஞ்சளாகிவிட்டது.

அவள் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வெள்ளை. உள்ளே வந்தாள். மஞ்சள். எதிர்வீட்டு மாடியில் நின்றவர், இந்தம்மா ஏன் ஒரே சட்டையை வைத்துக்கொண்டு நடைபழகுகிறாள் என்று பார்த்தார். மூன்றாவது தடவை உள்ளே வந்தபோது அவள் சட்டையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் வெண்ணெய் பூசியது போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடி, அவளுடைய கை, எல்லாவற்றிலும் தங்கம் வழிந்திருந்தது.

வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தால் நிறம் பிடிபடாது என்று பன்னிரண்டு வருடமாக அவள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் வேலை செய்வாள். மூடிய அறையில் இப்போது ஃபேன் வெளிச்சம்தான் ராஜா. மஞ்சள் அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்த கண் மஞ்சளுக்குப் பழகிவிடும். பழகிய கண்ணுக்குச் சரியான முகம்கூட நீலம் பாரித்துத் தெரியும். ஐயோ பாவம் குழந்தை, வெளிறிக் கிடக்கிறதே என்று இவள் கொஞ்சம் மஞ்சள் ஏற்றியிருக்கிறாள். கண் போகவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்புறம்தான் டிரைவர் நினைவு வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே சமாளிக்கலாமென்று ஒரு தடித்த துண்டை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினாள். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. எட்டாவது படத்தில் ஃபேன்கள் ஊளையிட, பத்தாவது படத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. சேமிக்காத மூன்று படங்கள் போயே போய்விட்டன.

மூன்று மணிக்கு டிரைவர் வந்தபோது பெட்டிக்குப் போர்த்திய துண்டு அப்படியே இருந்தது.

"அதுக்கு என்ன குளிரா?" என்று கேட்டார்.

கலரம்மா மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, அத்தை, அக்கா, எட்டு மணி. சட்டையை இரண்டு இடத்திலும் காட்டினாள். டிரைவர் பால்கனிக்கும் அறைக்கும் நடந்து பார்த்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டு மாசமா உன் வேலையைக் கெடுத்தது நான்தான்."

"நீங்க இல்லீங்க. மஞ்சள்."

"மஞ்சளை யாரு கொண்டுவந்து வச்சா?"

ஃபேன் வருவதற்கு முன்பு கம்ப்யூட்டர் நாளைக்கு நாலு தடவை செத்ததும் உண்மைதானே. அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"சரி விடு, ரிமோட்ல மாத்திட்டாப் போச்சு" என்று எழுந்தார். "பையிலதான் வச்சிருந்தேன். ஆம்புலன்ஸ்ல கூட வர்றவங்களுக்கு, என் வீட்டு ஃபேனுக்கு ரிமோட் இருக்குன்னு காட்டுவேன். முந்தாநாள் போட்ட சட்டை எங்க?"

கலரம்மா நாற்காலியைப் பார்த்தாள். டிரைவரும் பார்த்தார். இரண்டு தடவை துவைத்து, ஒரு நாள் முழுக்க மருந்தில் ஊறிய அந்தச் சட்டையின் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். அதுவும் நல்ல வெள்ளையாகியிருந்தது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"பையைப் பாக்காம யாராவது துவைப்பாங்களா?"

"ரிமோட்டை யாராவது ஊர்வலம் கூட்டிட்டுப் போவாங்களா?"

கடைக்குப் போன் போட்டார்கள். புது ரிமோட் வர நான்கு நாள் ஆகுமாம். மணி மூன்றரை. விளக்கு வயரை மட்டும் கழற்றிவிடலாமா என்றால், விளக்குக்கும் காற்றுக்கும் ஒரே வயர். அதைப் பிடுங்கினால் காற்றும் போய்விடும், மறுபடி துண்டு கதைதான்.

பரணில் கிடந்த ஃபேன் அட்டைப்பெட்டியைக் கலரம்மாதான் இறக்கச் சொன்னாள். அடியில் மடித்த ஒரு தாள், எறும்பு சைஸ் எழுத்தில். டிரைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அவளோ படத்தை மட்டும் பார்த்தாள். நான்கு ஃபேன்களின் வயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டி ஒன்று, அதன் ஓரத்தில் இரண்டு ஊசிகள், அதிலிருந்து ஒரு கோடு போய்ச் சிபியு பெட்டியின் முகப்பில் இருக்கும் குட்டிப் பொத்தானில் முடிந்தது.

"இது ரீசெட் பொத்தான்தானே? நாம ஒருநாளும் தொடாதது."

"அந்த வயரைக் கழற்றி இங்க மாட்டினா, பொத்தானே ரிமோட் ஆயிடும்னு போட்டிருக்கான்." டிரைவர் தலையில் கை வைத்தார். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். ஆபத்தில் கிடப்பவரைத் தூக்கிப் பழகிய கைகள்தான் டிரைவருடையவை, ஆனால் அரிசி மணியளவு பிளக் அந்தத் தடித்த விரல்களுக்குள் அகப்படவில்லை. "நீ பண்ணு, நான் டார்ச் அடிக்கிறேன்" என்றார். கலரம்மா விரல் நகத்தால் ஒன்றை உருவி மற்றொன்றில் மாட்டினாள். போட்டுப் பார்த்தால் பொத்தான் ஊமையாக இருந்தது. பக்கத்து ஊசியில் மாட்டியிருந்தாள். மறுபடி அணைத்து, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டினார்கள். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார்.

ஃபேன்கள் சிவந்தன.

"வந்துடுச்சு" என்றார் மெதுவாக, யாரோ பிழைத்துக்கொண்டதைச் சொல்வது போல.

அடுத்து பச்சை, ஊதா, ஓடும் விளக்கு, மினுக்கும் விளக்கு. வெள்ளையைக் கண்டதும் அவசரத்தில் ஒரு அமுக்கு கூடப் போய்விட, மறுபடி முழுச் சுற்று சுற்றி வரவேண்டியதாயிற்று. வழியில், சிவப்பிலிருந்து எண்ணினால் பதினோராவதாக, தங்கம் வந்தது. அப்போது மட்டும் டிரைவரின் விரல் ஒரு நொடி தயங்கியதை அவள் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளையில் நிறுத்தி, திரைச்சீலையை மூடி, கலரம்மா ஒரு வெற்றுத்தாளைப் பிடித்துப் பார்த்தாள். தாளில் லேசாக நீலம் தட்டியது.

"இதுவும் பொய்தாங்க" என்றாள், மனசே இல்லாமல்.

டிரைவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, விளக்கை மட்டும் அணைக்க ஃபேன் தாளில் போட்டிருந்தபடி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். நான்கு ஃபேன்களும் ஒன்றாக இருண்டன. காற்று மட்டும் நிற்கவில்லை.

"ஓடுதுல்ல, அது போதும்" என்றார். "உன் கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சதே பெரிசு. நீ வேலையைப் பாரு, சமையல் நான் பாத்துக்கறேன்."

கால் மணி நேரம் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, தானே சரி செய்து அனுப்பியிருந்த முதல் படத்தைத் திறந்தாள். அம்மாடி, குழந்தை எலுமிச்சம்பழம் போலக் கிடந்தது. இதைப் பார்த்து ஒரு அத்தை மட்டும்தானா அழுதாள், மற்றவர்களுக்கு எவ்வளவு கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். ஏற்றிய மஞ்சளையெல்லாம் இறக்கினாள். காது மடலில் ரோஜா நிறம் எழுந்தது. மூடிய கைவிரல்கள் சிவந்தன. ஒவ்வொரு படமாக முடித்து ஏழே முக்காலுக்கு நாற்பதாவதை அனுப்பினாள்.

மறுநாள் பத்தரைக்கு அக்காவின் போன் வந்தது.

"வந்தாங்க, பாத்தாங்க. அத்தையும் கூட வந்திருந்தா. படத்தைக் கையில வச்சுக்கிட்டு, இதுதான் எங்க குழந்தைன்னு சொன்னா. நேத்து கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். இன்னொரு குழந்தை படம் வந்திருக்கு, அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க அக்கா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். புதுப் படம் வந்துசேர இன்னும் நேரம் இருந்தது. அடுத்த அறையில் டிரைவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் அறையை எட்டிப் பார்த்தவர், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஃபேனைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அவள் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். டக். டக். டக். அடுத்த அறையில் ஷூ மாட்டும் சத்தம் நின்றது. சிவப்பு போனது, பச்சை போனது, வெள்ளையும் போனது. அவள் நிறுத்தவில்லை.

"பதினொண்ணு" என்றது அடுத்த அறைக் குரல்.

"வேலை ஆரம்பிக்கற வரைக்கும்தான்" என்றாள். "உள்ள வராதீங்க, சட்டை மஞ்சளாயிடும்."

டிரைவர் ஒற்றைக் காலில் ஷூவோடு வந்து வாசற்படியில் நின்றார். வெள்ளைச் சட்டை தோளிலிருந்து பை வரை தங்கமாகிவிட்டது. "என் ஃபேன் எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

"நல்லா ஓடுது" என்றாள் கலரம்மா.