வலது கை

டில்லிபாபு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி மேஸ்திரி கோதண்டராமனின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் தங்கை செந்தாமரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தொடையளவு தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினாள். அப்பாவின் வலது கை இந்தக் குழிக்குள்தான் எங்கோ கிடந்தது.

மற்றதெல்லாம் மேலே, கல்குவாரி விளிம்பில், லாரித் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் அம்மா மரகதம். "கையில்லாம அனுப்புனா அடுத்த பொறப்புலயும் கையில்லாமத்தான் பொறப்பாரு. கைய எடுத்துக்கினு வாங்க. அப்பறம்தான் பாடை" என்று சொல்லிவிட்டாள். இருட்டுவதற்குள் எரித்துவிட வேண்டுமென்று மணிமங்கலத்துப் பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வெடிக்கு விசில் ஊதியதும் எல்லோரும் மேலேறினார்கள். குழியில் தண்ணீர் இறைக்கும் அப்பா நடேசன் மட்டும் ஏறவில்லை. தண்ணீர் வற்றிக் குழியின் அடி தெரிகிற நேரம். விட்டுவிட்டு வர மனசில்லை. மேஸ்திரி எட்டிப் பார்க்காமல் திரியைப் பற்றவைத்துவிட்டார்.

"நான் விசில் ஊதினேன் தம்பி. உங்க நைனாதான்..."

"பேசாத." மறுபடி அடித்தான். பல் ஒன்று பாறையில் தெறித்தது. "கீழ ஆளு கீறாரான்னு பாத்தியா? கண்ணு பூட்டுச்சா உனக்கு?"

"ண்ணா, அந்தாள அப்பறம் அடி. டின்ன குடு" என்றாள் செந்தாமரை.

அவன் எறிந்த டின் அவள் தோளைக் கிழித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அதில் மொண்டு, பக்கத்துப் பாறைத் தட்டில் கொட்டினாள். நடேசனும் அங்கேதான் கொட்டுவார். தட்டில் விழுந்த தண்ணீர் இடுக்கு வழியாகக் குழிக்கே திரும்பிவிடும். குவாரியில் அது தெரியாதவர்கள் இல்லை. கஞ்சி கொண்டுவந்த ஒரு நாள் அவளே கேட்டிருந்தாள்.

"நீ கொட்டறதுதான் திரும்பி வருது. தெரியாதா நைனா?"

"எத்தினி வருசமா வந்துக்கினு கீது, எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"அதுவும் உடல, நானும் உடல. ஜாலியா கீது." சிரித்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழைக்கு ஊற்று இன்னும் வேகமாயிருந்தது. மொண்டாள், கொட்டினாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறியது. உள்ளங்கைத் தோல் உரிந்து டின்னின் விளிம்பு சிவந்தது. அழுகை எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. கையும் இடுப்பும் தாமாகவே ஒரு தாளத்துக்கு வந்திருந்தன. தண்ணீர் பாறையில் விழும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அடுத்த டின்னை மொண்டாள். தொண்டைக்குள் ஏதோ முனகியது. அது பாட்டு என்று தெரிந்ததும் பயந்துபோய் நிமிர்ந்தாள்.

டில்லிபாபு கடப்பாரையை ஓங்கியபடி நின்றிருந்தான். காலடியில் கோதண்டராமன் தலையைக் கைகளால் மூடிக் குறுகியிருந்தார். அவன் கண் தங்கைமேல் இருந்தது.

"இன்னாடி, பாடறியா?"

அவள் டின்னால் பக்கத்துக் கல்லைத் தட்டினாள். "இந்தக் கல்லுக்கு அடியில பாக்கல. நெம்பு" என்றாள்.

அவன் மூச்சிரைக்க நின்றான். பிறகு தண்ணீரில் குதித்து, கடப்பாரையைக் கல்லுக்கடியில் செருகி நெம்பினான். கல் புரண்டது. அடியிலிருந்து புது ஊற்று ஒன்று பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் மொண்டாள்.

மேலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஆப்டுச்சா?"

"இல்லம்மா. தண்ணி ஏறுது."

மேலே மரகதம் எழுந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட நிறைத்து வைத்திருந்த குடத்தைத் தரையில் கவிழ்த்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, காலிக் குடத்தோடு படியிறங்கத் தொடங்கினாள்.