அந்த அரை இன்ச்

புஷ்பமேரியிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். டேப்பு இடுப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

"மூச்ச விடு ஆத்தா. நான் என்ன போட்டோவா பிடிக்கேன்? இழுத்துக்கிட்டு நின்னீன்னா தைச்சதைப் போட்டுக்கிட்டு சோறு திங்க முடியாது, பாத்துக்க" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே மூச்சை விடுவார்கள். உண்மையான அளவு அப்போதுதான் டேப்பில் விழும். அதைத் தன் நீள நோட்டில் எழுதிக்கொள்வாள்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோருடைய அளவும் அந்த நோட்டில் இருந்தது. இல்லாத பெயர் ஒன்றுதான். அது அவளுடையது. தன் ஜாக்கெட்டைத் தைக்க அவளுக்கு டேப்பு தேவைப்பட்டதே இல்லை. உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள். பிடிக்கிறது என்று தோன்றினால் ஒரு தையலைப் பிரித்துவிடுவாள். மறுபடி பிடித்தால் இன்னொரு தையல். உடம்பு ஏறியதென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. துணி சுருங்கிவிட்டது என்பாள்.

பக்கத்துப் போர்ஷனில் ஜெயமேரி இருந்தாள். புஷ்பமேரியின் கணவர் கிறிஸ்துராஜுக்குத் தம்பி பிராங்கிளின். அவன் மனைவி அவள். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. ஓரகத்திகள் என்றால் ஊரில் ஆயிரம் புகைச்சல் உண்டு. இவர்களுக்குள் அப்படி ஒன்றும் இருந்ததில்லை. ஒரே உயரம், ஒரே பருமன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் சேர்ந்து நடந்து வந்தால், "இரட்டைப் பிள்ளைங்க வருதுகப்பா, வழி விடுங்க" என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் புஷ்பமேரிக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. நான் மட்டும் இப்படியில்லையே!

ஜனவரியில் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். எடை பார்க்கும் மிஷினில் இருவரும் ஏறினார்கள். இருவருக்கும் எண்பத்தொரு கிலோ. ஜெயமேரிக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. புஷ்பமேரியின் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "எடை குறைஞ்சாத்தான் இந்த முட்டி தாங்கும்" என்றார். ஆறு கிலோ குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம், சின்னச் சின்னதாக மாற்றினால் போதும், ஈஸ்டர் கழித்து மறுபடி வாருங்கள் என்று இருவருக்கும் ஒரே சீட்டைத்தான் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் இருவரும் உளுந்த வடை தின்றார்கள். "இதுதான்க்கா கடைசி வடை" என்றாள் ஜெயமேரி. புஷ்பமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அதை வேடிக்கை என்றே நினைத்துவிட்டாள்.

ஜெயமேரி நிஜமாகத்தான் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரையால் கணுக்காலோடு பாதத்தை எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டுப் போட்ட காலை மூன்று மாதம் மடியில் வைத்துத் துடைத்தவள் அவள். யாருக்கும் சொல்லாமல் ஒன்றொன்றாக மாற்ற ஆரம்பித்தாள். காப்பியில் சீனி போனது. அங்கன்வாடிக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள் நடந்து போனாள். சீரியல் பார்க்கும்போது மடியில் இருக்கும் மிக்சர் பொட்டலம் காணாமல் போனது. பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரிச் சின்னத் தட்டு ஒன்றை வாங்கி, அதில்தான் சாப்பிட்டாள். முட்டி வலிக்கிற அக்காவுக்கும் சேர்த்து மூன்று நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பங்குச் சனங்களின் வழக்கம். புஷ்பமேரியும் எடுத்து வைத்தாள். எடுத்ததற்குப் பதிலாக இன்னொரு பிடியை அளந்து உலையில் போட்டாள். குடும்பத்துக்குக் குறையக் கூடாதல்லவா? ஜெயமேரி அந்தப் பிடியைத் தன் சாப்பாட்டுப் பங்கிலிருந்து எடுத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கிறவர் பார்த்திருப்பார்.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, வாய் ஓயாத சகாயராணி இருவரையும் நிறுத்தினாள். "அடியே ஜெயமேரி, என்னடி இம்புட்டு இளைச்சுட்ட! முகமே பளிச்சுன்னு இருக்கு." பிறகு புஷ்பமேரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "முன்னெல்லாம் இரட்டைப் பிள்ளைன்னு சொல்லுவோம். இப்ப அம்மாவும் மகளும் மாதிரில்ல இருக்கீக!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயமேரி சங்கடப்பட்டு, "சும்மா இருங்கக்கா, எங்க அக்காவுக்கு என்ன" என்றாள். அந்தப் பரிவுதான் புஷ்பமேரிக்குச் சுருக்கென்று தைத்தது. கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இவள் இரக்கப்படும் அளவுக்கு ஆகிவிட்டோமா என்று வயிறு எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓரகத்தியின் நடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு இலேசாகக் கால் எடுத்து வைக்கிறாள்! என் கால் மட்டும் ஏன் இரும்பாய் இருக்கிறது? அவளுக்கு வெளி வேலை; நடக்கிறாள். நானோ மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாதவள். அவளுக்கு உடம்பு வாகு அப்படி. எனக்கு இப்படி. இப்படியே நூறு காரணம் அவளுக்குக் கிடைத்தது. தன் தட்டு மட்டும் அந்தக் காரணங்களில் வரவில்லை.

மறுநாள் ஈஸ்டருக்குப் புது ஜாக்கெட் தைக்க, ரோஸ் நிறத் துணியோடு ஜெயமேரி வந்தாள்.

"அளவு எடுத்துப் பாருங்கக்கா. பழைய ஜாக்கெட்டு தொளதொளன்னு கெடக்கு. எம்புட்டு கொறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கணும். மருந்துக்கடை மிஷினை நம்ப முடியல, ரெண்டு தடவ ஏறினா ரெண்டு எடை காட்டுது."

புஷ்பமேரி டேப்பை இடுப்பில் சுற்றினாள். கிறிஸ்துமசுக்கு எடுத்தபோது முப்பத்தொன்பது. இப்போது முப்பத்தாறரை. ஜெயமேரி மூச்சைக்கூட உள்ளே இழுக்கவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி ஆவலாக நிமிர்ந்து நின்றாள்.

"முப்பத்தொம்பது" என்றாள் புஷ்பமேரி. "அப்படியேதான் இருக்கு."

"அப்படியேவா?"

"ஆமா."

"அப்ப அந்த ஜாக்கெட்டு?"

"துவைச்சுத் துவைச்சுத் துணி நைஞ்சு தளந்திருக்கும்."

ஜெயமேரியின் முகம் விளக்கை அணைத்தது போல ஆயிற்று. "சகாயராணி அக்காவெல்லாம் இளைச்சுட்டன்னு சொன்னாகளே..." என்றாள். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "சனங்க முகத்துக்கு நேரா ஒண்ணு சொல்லும். டேப்பு பொய் சொல்லுமா?"

அவள் போன பிறகு புஷ்பமேரிக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. காப்பி போட்டு, மேலும் ஒரு கரண்டி சீனி போட்டுக் குடித்தாள். ஆனால் துணியை வெட்ட உட்கார்ந்ததும் ஒரு சங்கடம் வந்தது. முப்பத்தொன்பதுக்கு வெட்டினால் ஜாக்கெட் தொங்கும். பொய் வெளியே வந்துவிடும். ஆகவே நோட்டில் முப்பத்தாறரை என்று உண்மையை எழுதி, அதன்படியே வெட்டினாள். வாய் சொன்ன பொய்யைக் காப்பாற்றக் கையும் கத்தரிக்கோலும் உண்மையாக உழைக்க வேண்டியதாயிற்று. நோட்டை எடுத்துத் துணிக்கட்டுக்கு அடியில் செருகி வைத்தாள்.

அடுத்த வாரமே ஜெயமேரி ஷேர் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டாள். அதற்கடுத்த வாரம் மிக்சர் பொட்டலம் திரும்பி வந்தது. ஒருநாள் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து பெரிய தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாள். பசியில் தின்பது போல இல்லை. யார் மேலோ கோபத்தில் தின்பது போல இருந்தது.

"என்ன ஜெயா, டயட்டெல்லாம் விட்டுட்டியா?" என்று கேட்டாள் புஷ்பமேரி. தெரியாதவள் போலக் கேட்க எப்படித்தான் மனசு வந்ததோ.

"என்னத்தக்கா... எங்கம்மா வாகு எனக்கு. அவுகளுக்கு வந்ததுதான் எனக்கும் வரும்போல. எழுதினதை அழிக்க முடியுமா?"

புஷ்பமேரி உள்ளே வந்துவிட்டாள். இதைத்தானே விரும்பினாள்? பழையபடி இரட்டைப் பிள்ளை ஆகிவிடலாம். ஆனால் அந்தக் குளுமை எங்கே போனதென்று தெரியவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் தைத்த தையலே கோணிக்கொண்டு போனது. தன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, ஆணியில் மாட்டிவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. ஜெயமேரி வழக்கம்போல முதலில் அக்கா வீட்டுக்குத்தான் பிடித்தாள். ஆறாவது குடத்தை இறக்கும்போது மேல்மூச்சு வாங்கியது.

"போதும் ஜெயா, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"உங்க முட்டிய வச்சுக்கிட்டா? சும்மா இருங்கக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனவள், கையில் அந்தச் சின்னத் தட்டோடு திரும்பி வந்தாள். "இதை நீங்க வச்சுக்கங்கக்கா. எனக்கு ராசி இல்ல. என்னால முடியலைன்னாலும் நீங்களாச்சும் கொறைங்க. டாக்டரம்மா உங்க முட்டியப் பத்திச் சொன்னாகள்ல? நீங்க நடக்க முடியாமப் போயிட்டா நான் யாரு கூடக் கோயிலுக்குப் போவேன்?"

தட்டு புஷ்பமேரியின் கையில் இருந்தது. சின்னத் தட்டுதான், கனத்தது.

"ஜெயா, செத்த நேரம் நில்லு." துணிக்கட்டுக்கு அடியிலிருந்து நோட்டை உருவி, பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"என்னக்கா இது?"

"உன் இடுப்பு."

"முப்பத்தாறரைன்னு போட்டிருக்கு."

"ஆமா. அன்னைக்கு டேப்புல வந்தது அதுதான். முப்பத்தொம்பதுன்னு நான்தான் சொன்னேன்."

ஜெயமேரி நோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க்கா?"

"நீ இளைக்கிறது எனக்குப் பொறுக்கல" என்றாள் புஷ்பமேரி.

ஜெயமேரி நோட்டைத் தள்ளிவிட்டாள். "மூணு வாரமா எங்கம்மா காலைக் கனவு கண்டுக்கிட்டுக் கெடந்தேன்க்கா" என்றாள். பிறகு அக்காவின் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு பேச்சு இல்லை. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குத் தனித்தனியாகப் போனார்கள். பெரிய வெள்ளிக்கும் அப்படித்தான். புஷ்பமேரி மன்னிப்புக் கேட்டுக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் அவளிடமிருந்து ஆறுதல் வாங்கத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பதில் சின்னதாக ஒன்று செய்தாள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தாள். எடுத்ததற்குப் பதில் எதையும் போடவில்லை. சாப்பாட்டில் குறைந்தது அவளுடைய பங்குதான். வேறு யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது தெருக்குழாய்க்கு அரைக் குடம் அரைக் குடமாக அவளே நடந்தாள். ஜன்னலிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஜெயமேரி மறுபடி நடந்துதான் அங்கன்வாடிக்குப் போகிறாள் என்பதை மட்டும் கவனித்தாள். நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் லேசாகக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டாள். கூடவே மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரம் ஒன்றை ஜெயமேரிக்காகச் சொன்னாள்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் ஜெயமேரி உள்ளே வந்தாள். "என் ஜாக்கெட்டு" என்றாள், அவ்வளவுதான்.

மறைவில் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இடுப்பில் பிடித்தது. புஷ்பமேரி டேப்பை ஆணியிலிருந்து எடுத்துச் சுற்றினாள். இந்தத் தடவை எண் தெரியும்படி டேப்பை ஜெயமேரியிடமே திருப்பிக் காட்டினாள். முப்பத்தேழு.

"இந்த அரை இஞ்சு என்னுது" என்றாள் புஷ்பமேரி. "என் வாயால ஏறினது. இரு, தையலைப் பிரிச்சுத் தாரேன்."

"பிரிக்காதீங்க." ஜெயமேரி அவள் கையைத் தள்ளினாள். "நீங்க சொன்ன பொய் உங்களுது. அதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன், அது தீந்துச்சு. ஆனா மிக்சரைத் தின்னது நானு. உங்க வாயாலயா தின்னேன்? இந்த அரை இஞ்சை நான்தான் எறக்கணும். நாளைக்கு ஈஸ்டர் பூசையில செத்தப் பிடிச்சா பிடிக்கட்டும்."

ஜெயமேரி வாசலில் வைத்துவிட்டு வந்த பையை எடுத்து வந்தாள். உள்ளே புதுச் சின்னத் தட்டு ஒன்று இருந்தது.

"என்னோடதைக் குடுக்க மாட்டேன். அது எனக்கு ராசியானது. இது உங்களுக்கு." அதை மிஷின் மேல் வைத்தாள். பிறகு டேப்பை வாங்கிக்கொண்டாள். "எழுந்திரிங்க."

"எதுக்குடி?"

"நோட்டுல எல்லார் பேரும் இருக்கு, உங்க பேரக் காணோம். நானும் எத்தன வருஷமா பாக்கேன்."

புஷ்பமேரி எழுந்து நின்றாள். டேப்பு இடுப்பைச் சுற்றி வந்ததும் அவளையும் அறியாமல் வயிறு உள்ளே போனது.

"மூச்ச விடுங்கக்கா. நான் என்ன போட்டோவா பிடிக்கேன்?"

புஷ்பமேரி சிரித்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு தானாக வெளியே வந்தது. ஜெயமேரி குனிந்து எண்ணைப் படித்தாள். நோட்டைத் திறந்து, தன் பெயருக்குக் கீழே 'அக்கா' என்று எழுதி, பக்கத்தில் நாற்பத்தொன்றே கால் என்று குறித்தாள்.