அம்மாவின் சீலையில் கட்டிய ஏணை

வேலைக்குக் கிளம்பும் முன் பையனை ஏணையிலிருந்து தூக்கினேன். இடுப்பில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி நனைந்திருந்தது. நனைந்த இடம் தே-ஓ நிறம். பால் ஊற்றாத தேத்தண்ணி போல. சன்னல் பக்கம் கொண்டுபோய் இமையை விலக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாகக் கிடந்தது.

“மங்களம்” என்றேன். அடுப்படியிலிருந்து வந்து பார்த்த என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளோடு பிறந்த ஆண்பிள்ளைகள் இரண்டும் இப்படித்தான் மஞ்சளாகிப் போயின. பிறந்து முப்பது நாள்கூடக் கழியவில்லை. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அம்மாவுக்கு ‘ஆண் தங்காத வயிறு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். பெண் கேட்டுப் போனபோது என் அக்கா ராக்காயி அதைச் சொல்லித்தான் மறித்தாள்.

இவன் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். தமிழ் பேசும் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

“ரத்தத்துல சிவப்பணுன்னு கண்ணுக்குத் தெரியாத உருண்டைங்க இருக்கு. அது உடையாம காக்குற சத்து ஒண்ணு இவனுக்குக் குறைச்சல். தாய் வழியா வர்றது. பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது, சுமந்துகிட்டு வந்து ஆம்பளைப் பிள்ளைக்குக் குடுத்துருவாங்க. பயப்படாதீங்க, நல்லா வளருவான். ஆனா துணிப்பெட்டியில பூச்சிக்குப் போடுற வெள்ளை உருண்டை மட்டும் வீட்டுல இருக்கக்கூடாது. அந்த வாடையே போதும், அணு உடைஞ்சுரும்.”

எனக்குக் குனோங் ராபாட் மலையில் கல் உடைக்கிற வேலை. சில பாறையைப் பிளந்தால் உள்ளே சிப்பி ஒட்டியிருக்கும். எந்தக் காலத்துக் கடலோ, கல்லுக்குள்ளேயே மறைந்து இன்றுவரை வந்திருக்கிறது. மிஸ்ஸி சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

புந்தோங் வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த உருண்டைகளை எல்லாம் பொறுக்கி வெளியே வீசினோம். மங்களம் என் கையைப் பிடித்தாள். “உங்க அக்காவுக்கு மட்டும் சொல்லாதீங்க. தாய் வழின்னு தெரிஞ்சா அவங்களுக்கு அது போதும்.” சொல்லவில்லை.

முந்தாநாள் அக்கா சிலிம் ரிவரிலிருந்து வந்தாள். மங்களம் குளிக்கப் போன நேரத்தில் எங்கள் செத்துப்போன அம்மாவின் சீலையில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து வேளைக்கு வேளை சாம்பிராணிப் புகை. அந்தப் புகையில் வேறெந்த வாடையும் தெரியவில்லை. கல் தூசி தின்ற என் மூக்குக்கோ எதுவும் லேசில் தெரியாது.

இப்போது அந்தச் சீலையில் முகத்தை அழுத்தி மூச்சை இழுத்தேன். புகைக்கு அடியில், நெஞ்சில் குத்துகிற மாதிரி, அது இருந்தது.

“அக்கா, இந்தச் சீலை எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? அம்மா டிரங்குப் பெட்டியிலதான். நீ, நான், என் பிள்ளைங்க எல்லாம் இதுல கிடந்து வளந்ததுதானேலா.”

“பூச்சி அரிக்காம என்ன போட்டு வச்ச?”

“வெள்ளை உருண்டை. கை நிறையப் போட்டேன். ஏன்டா முழிக்கிற?”

நான் முடிச்சை அவிழ்த்து இழுத்தேன். சீலை தரையில் விழுந்தது. அக்கா பாய்ந்து வந்து என் கையிலிருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா சீலையைத் தரையில போடுறியா? யாரு சொல்லிக் குடுத்தா, இவளா?”

“ஆஸ்பத்திரிக்குப் போவணும்க்கா. பிள்ளையைக் குடு.”

“முப்பது கழியாத பிள்ளை படி தாண்டாது. மஞ்சளுக்குக் கீழாநெல்லி அரைச்சுத் தாரேன். வெயில்ல காட்டுனா எறங்கிரும்.”

அவள் வாசற்படியை மறித்து நின்றாள். பிள்ளை அழவில்லை. பாலுக்கு வாயைக்கூடத் திறக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சொன்னால்தான் கொடுப்பாள். சொன்னால் மங்களத்துக்கு ஆயுசு முழுக்க ஏச்சு.

மங்களம் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

“என் ரத்தம் அண்ணி. எங்கிட்டயிருந்துதான் வந்துச்சு. எங்கம்மாகிட்டயிருந்து எனக்கு வந்துச்சு. அந்த உருண்டை வாடை பட்டா இவன் ரத்தம் உடையும். ஆஸ்பத்திரியில சொன்னதை நாங்கதான் மறைச்சோம். ஏசுறதை அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. இப்ப பிள்ளையைக் குடுங்க.”

அக்காவின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவள் குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். பிள்ளையை மங்களத்தின் கையில் வைத்தாள்.

“ஓடுடா. மீரா சாஹிப் வேன் அவரு கடை முன்னாலதான் நிக்குது.”

தேத்தண்ணிக் கடை மீரா சாஹிப் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேனை எடுத்தார். அக்காவும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பழைய ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் புது ரத்தம் ஏற்றினார்கள். பிறகு நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். “மூத்திரம் தெளியணும். அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மீரா சாஹிப் கொண்டுவந்த ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை.

அக்கா மங்களத்தின் பக்கம் திரும்பிக் கேட்டாள். “உன் கூடப் பிறந்ததுங்களை எதுல போட்டாங்க?”

மங்களம் தலை தூக்கவில்லை. “அப்பாயி சீலையிலதான். ஆம்பளைப் பிள்ளைன்னு உருண்டை போட்ட பெட்டியிலயிருந்து எடுத்துக் கட்டுனாங்களாம். எனக்குக் கோணித்துணிதான்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “உங்கம்மா வயித்தைப் போயி ஏசுனோமே” என்றாள்.

மறுநாள் மத்தியானம் மிஸ்ஸி கதவைத் திறந்து, பிள்ளையின் இடுப்பிலிருந்து கழற்றிய துணியை நீட்டினார். நான் எழும் முன் அக்கா எழுந்துவிட்டாள். வாங்கிக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். ஈரத்தை விரித்துப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய் மங்களத்தின் மடியில் அதை வைத்தாள்.

“பாரு, தண்ணி மாதிரி இருக்கு.”